நான் சொல்றது வெளிய போகுமா? நோய், மருந்து, ரிப்போட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வடக்கில் ஒரு சமூக சேவை நிலையத்தில் வேலை செய்கிறேன். மருந்துச் செலவு, சக்கர நாற்காலி, உளவளத்துணை, வீட்டு வன்முறையிலிருந்து வெளியே வர ஒரு வழி என்று பல தேவைகளோடு கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. அங்கே தெரிந்தவர்கள் அதிகம் என்பதால்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். தேவை எதுவானாலும், கதிரையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே சந்தேகத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்தச் சந்தேகத்தின் பல வடிவங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். உதாரணங்களில் ஆள், இடம், வருத்தம் (நோய்) எல்லாம் மாற்றப்பட்டவை.

மிஸ், நான் சொல்றது இந்த அறைக்குள்ளயே இருக்கும்தானே?

பெரும்பாலும் ஆம். ஆனால் "யாருக்குமே சொல்ல மாட்டேன்" என்று எங்கள் ஆட்கள் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து, ஒரு பிள்ளைக்கு நடக்கும் துன்புறுத்தல், நீதிமன்றக் கட்டளை, இந்த மூன்று இடங்களில் நாங்கள் வாய் திறக்க வேண்டி வரும். அதை நீங்கள் கதையைத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவோம். ஒருவர் அழுது எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு "இதை நான் அறிவித்தாக வேண்டும்" என்று சொல்வது துரோகம். இந்த மூன்றும் எப்படி நடக்கும் என்பது கீழே வருகிறது.

மற்றபடி உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் வெளியே போகாது. என்ன விவரம், யாருக்கு, எதற்கு என்ற மூன்றும் உங்களுக்கு விளங்கிய பிறகு நீங்கள் தருவதுதான் சம்மதம். நிரப்பாத படிவத்தில் "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, பிறகு நிரப்புறோம்" என்று யார் கேட்டாலும், அது நாங்களாகவே இருந்தாலும், வைக்க வேண்டாம்.

ரிப்போட்டைத்தானே பத்திரமா வைக்கணும்? மத்ததெல்லாம் சும்மா பேச்சுதானே?

சும்மா பேச்சில்தான் பாதி போய்விடுகிறது. எந்த நாளில் எந்தக் கிளினிக்குக்குப் போகிறீர்கள், என்ன குளிசை எடுக்கிறீர்கள், எந்த வார்டில் இருந்தீர்கள் என்பதெல்லாம் நோயின் பெயரைச் சொல்லாமலே சொல்லிவிடும். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடைக்கு மாதம் ஒரு தடவை போகிறார் என்றால் கேட்பவர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மஹரகமை என்றாலும் அப்படித்தான். ஆகவே கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், மருந்துத் துண்டு, ஸ்கேன் படம் ஆகியவற்றோடு இந்தப் பேச்சையும் சேர்த்தே உங்கள் சுகாதாரத் தகவல் என்று எடுத்துக்கொள்கிறோம்.

நீங்கள் எங்கள் நிலையத்துக்கு வருகிறீர்கள் என்ற தகவலும் அதற்குள் அடங்கும்.

ஒளிக்க என்ன இருக்கு? வருத்தம் எல்லாருக்கும் வாறதுதானே?

உங்களுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை என்றால் நல்லது. சீனி வருத்தத்தையும் பிரஷரையும் சந்தையில் நின்று சத்தமாகக் கதைக்கிற ஊர்தான் இது. ஆனால் காசநோய், மனநோய், எச்.ஐ.வி., கருச்சிதைவு, வலிப்பு என்று வரும்போது நிலைமை வேறு. கலியாணப் பேச்சு நிற்கும், வாடகை வீடு கைமாறும், வேலை போகும்.

2016இல் குளியாப்பிட்டியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று கதை பரவியது. அந்தப் பிள்ளைக்கு அது இல்லை. ஆனாலும் மற்றப் பெற்றோர் எதிர்த்ததால் பாடசாலையில் இடம் கிடைக்கவில்லை. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது. பொய்யான தகவலே அவ்வளவு செய்தது என்றால், உண்மையான தகவல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். யாரிடம் சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்காக நாங்கள் முடிவு செய்யக் கூடாது, பக்கத்து வீட்டாரும் செய்யக் கூடாது.

அப்போ ஏன் நீங்களே இவ்வளவு கேட்கிறீங்க? அடையாள அட்டை நம்பர், சம்பளம், வருத்தம் எல்லாம் எதுக்கு?

நியாயமான கேள்வி. மூக்குக்கண்ணாடிக்கு உதவி கேட்டு வருபவரிடம் எத்தனை தடவை கருத்தரித்தீர்கள் என்று கேட்கும் படிவங்களை நானே பார்த்திருக்கிறேன். யாரோ எப்போதோ தயாரித்த படிவத்தை எல்லோருக்கும் நீட்டுவதால் வரும் வினை அது. எந்த உதவிக்கு எந்த விவரம் வேண்டும் என்று பிரித்து, தேவையில்லாத கட்டங்களை நாங்கள் வெட்டிவிட்டோம்.

எந்தக் கேள்விக்கும் "இது ஏன் வேணும்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். எங்கள் உத்தியோகத்தரால் காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். உதவி நிற்காது.

என்ட பைலை அங்க யார் யார் பார்க்கலாம்?

உங்களோடு வேலை செய்யும் உத்தியோகத்தரும் அவருடைய மேற்பார்வையாளரும் பார்க்கலாம். கணக்காளருக்கு மருந்துக் கடை பில்லின் தொகை போதும். எந்த மருந்து என்பது அவருக்குத் தேவையில்லை, ஆகவே பில்லில் மருந்தின் பெயர் இருக்கும் பகுதியை மறைத்துத்தான் பிரதி எடுப்போம். வாகன ஓட்டுநருக்கு விலாசமும் நேரமும் மட்டும் தெரியும். தொண்டர்களுக்கும் பயிற்சிக்கு வரும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் நீங்கள் சம்மதித்தால் ஒழிய அந்தப் பைல், அதாவது கோவை, கைக்குப் போகாது.

கோவை இருக்கும் விதத்தையும் கேட்கிறார்கள், சொல்கிறேன். வெளி அட்டையில் பெயர் கிடையாது, ஒரு இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யாருடையது என்ற பதிவுப் புத்தகம் வேறு அறையில், வேறு அலுமாரியில். இரண்டு அலுமாரிகளின் திறப்பும் ஒருவரிடம் இருக்காது. கோவையை எடுப்பவர் நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்து வைத்துத்தான் எடுப்பார், பின்னேரம் திருப்பி வைக்கும்போது மறுபடி கையெழுத்து. கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மேசையில் திறந்து கிடக்கும் கோவையைத் தேநீர் கொண்டு வருபவர் ஓரக்கண்ணால் பார்ப்பதை இந்தச் சாதாரண விஷயம்தான் நிறுத்துகிறது. கணினியில் உள்ளவற்றுக்கும் ஆளுக்கு ஆள் தனிக் கடவுச்சொல். அதை மொனிட்டரில் மஞ்சள் துண்டில் எழுதி ஒட்டுவது எங்களிடம் பெரிய குற்றம்.

வாசல்ல எல்லாரும் இருக்கிற இடத்தில பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மருந்துக் காசுக்கு வந்தவங்களா?"ன்னு கேட்டா எப்படி?

அப்படி யாரும் கேட்டால் உடனே சொல்லுங்கள். வாசலில் இலக்கத் துண்டு தருவதும் அந்த இலக்கத்தைச் சொல்லி அழைப்பதும் இதற்காகத்தான். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அறைக்குள் வந்த பிறகுதான் கேட்க வேண்டும். எங்கள் கட்டடம் பழையது, பலகைத் தடுப்புச் சுவர், பக்கத்து அறையில் தும்மினாலும் கேட்கும். அதனால் உள்ளே பெரிய சத்தத்தோடு ஒரு பழைய மின்விசிறி ஓடும். அதை மாற்றச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். அந்தச் சத்தம் வேண்டுமென்றே வைத்தது.

என்ட மகன் வெளிநாட்டில இருந்து போன் பண்ணிக் கேட்டா சொல்லிடுவீங்களா? அவன்தானே காசு அனுப்புறான்.

சொல்ல மாட்டோம். காசு அனுப்புபவருக்கு அக்கறை இருக்கலாம், ஆனால் அந்த அக்கறை அம்மாவின் ரிப்போட்டைத் திறக்கும் திறப்பு ஆகாது. மகன், கணவர், மாமியார், சபைப் போதகர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவர், எவராக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: "இங்கே யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று நாங்கள் போனில் சொல்வதில்லை." உங்கள் மகனுக்கு இது கோபத்தை உண்டாக்கும். பலர் எங்களை ஏசியிருக்கிறார்கள். பரவாயில்லை. மனைவி எங்கே தங்கியிருக்கிறாள் என்று தேடும் கணவரும் இதே அக்கறைக் குரலில்தான் போன் எடுப்பார். மறு முனையில் இருப்பவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

மகனுக்குத் தெரிய வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், எதைச் சொல்லலாம் என்று எழுதித் தாருங்கள். "ஒப்பரேஷன் திகதியைச் சொல்லலாம், என்ன வருத்தம் என்று சொல்ல வேண்டாம்" என்று எழுதிய அம்மாக்களும் இருக்கிறார்கள். அப்படியே செய்வோம்.

எனக்குச் சிங்களம் வராது. ஆஸ்பத்திரியில மகளைத்தான் பேச விடுறேன். அதில என்ன பிழை?

அவசரத்துக்கு வேறு ஆள் இல்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் 12 வயதுப் பிள்ளை அம்மாவின் மாதவிடாய் இரத்தப்போக்கை டொக்டருக்கு மொழிபெயர்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அம்மா பாதியை விழுங்குவார். பிள்ளை வெட்கத்தில் மீதியை விழுங்கும். டொக்டருக்குப் போய்ச் சேருவது "வயிற்று வலியாம்" என்பது மட்டும். இங்கே இரகசியம் போவதோடு வைத்தியமும் பிழைத்துப் போகிறது. கெட்ட செய்தியாக இருந்தால் இன்னும் மோசம், அதை முதலில் கேட்பதும் அந்தப் பிள்ளைதான்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிப் போவது வேறு வகைச் சிக்கல். நல்ல மனசோடுதான் வருவார். ஆனால் பின்னேரம் குழாயடியில் யாராவது "என்னவாம்?" என்று கேட்டால் அவராலும் சும்மா இருக்க முடியாது.

எங்களிடம் முன்கூட்டியே சொன்னால், தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்ப முயற்சிப்போம். அவர் உங்கள் தோட்டக் குடியிருப்பையோ தொடர்மாடியையோ சேர்ந்தவராக இருக்க மாட்டார். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று எழுத்தில் உறுதி தந்தவர். ஆஸ்பத்திரியிலும் தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ இருக்கிறாரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான்.

ரிப்போட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்ல போட்டா காணாதா?

எங்கள் அலுவலக இலக்கத்துக்கு மட்டும் அனுப்புங்கள், உத்தியோகத்தரின் சொந்த போனுக்கு வேண்டாம். வந்த படத்தைக் கோவையில் சேர்த்ததும் போனிலிருந்து அழித்துவிடுவோம். உங்கள் பக்கம்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. வீட்டில் ஒரே போன், அதில் பிள்ளை கேம் விளையாடுகிறது, மச்சான் படம் பார்க்கிறார் என்றால் ரிப்போட் அந்தப் படங்களோடுதான் கிடக்கும். அனுப்பிய பிறகு உங்கள் போனிலும் அழித்துவிடுங்கள். முடிந்தால் நேரில் கொண்டு வருவதே நல்லது.

அப்புறம் கொமியூனிகேஷன் கடை. இதை யாரும் நினைப்பதே இல்லை. ரிப்போட்டைப் பிரிண்ட் எடுக்கக் கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம், அவர் கணினியில் தரவிறக்கி அச்செடுத்துத் தருகிறார், நாங்கள் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். ரிப்போட் அந்தக் கணினியில் இருக்கிறது, அவருடைய போனிலும் இருக்கிறது, அடுத்த வாடிக்கையாளரின் கண் முன்னால் திரையிலும் இருக்கிறது. போட்டோகொப்பி சரியாக விழாமல் கூடையில் எறியப்பட்ட தாளும் அப்படித்தான். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வாருங்கள். படத்தை உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். எங்கள் நிலையத்தில் பிரதி எடுப்பது இலவசம். அதற்காகவே வரலாம்.

நீங்க வீட்டுக்கு வந்தா லேன் முழுக்கத் தெரிஞ்சிடுமே?

தெரியும், அதனால்தான் பெயர்ப்பலகை போட்ட வாகனத்தில் வர மாட்டோம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை பைக்குள் இருக்கும், நீங்கள் கேட்டால் காட்டுவோம். யாராவது "யார் நீங்க?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே உங்களிடம் கேட்டுவிடுவோம். வெளியில் சந்திப்பது நல்லதென்றால் அதுவும் சரி. தெருவில் தற்செயலாகக் கண்டால் நாங்கள் முதலில் வணக்கம் சொல்ல மாட்டோம். அதைப் பெருமை என்று எடுக்க வேண்டாம்.

பிரதேச செயலகத்துக்குக் கடிதம் தாறீங்களே, அதில எல்லாத்தையும் எழுதிடுவீங்களா?

கடிதத்தில்தான் அதிகம் பிழை விடப்படுகிறது. உதவி கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதுபவர் ஒரு சோகக் கதையே எழுதிவிடுவார். சக்கர நாற்காலிக்கான கடிதம் ஒன்று இப்படி இருக்கலாம்: "இவர் நீண்டகால நீரிழிவு நோயாளி. முன்னர் மதுப்பழக்கம் இருந்தது. காலை இழந்த பின் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறார். மனைவி பிரிந்து வாழ்கிறார்." இதில் சக்கர நாற்காலிக்கு எது தேவை?

நாங்கள் எழுதுவது: "இவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. அளவுக்கு ஏற்ற சக்கர நாற்காலி ஒன்று தேவை. வைத்தியரின் சிபாரிசு இணைக்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். அந்தக் கடிதம் செயலகத்தில் பல மேசை தாண்டும், கிராம உத்தியோகத்தரின் கையிலும் கொஞ்ச நாள் இருக்கும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு வரியும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். வேண்டாம் என்ற வரியை வெட்டச் சொல்லலாம்.

டெங்கு வந்து ரெண்டு நாள்ல பிஎச்ஐ ஐயா வீட்டுக்கே வந்திட்டார். நீங்கதானே சொன்னீங்க?

இல்லை. டெங்கு, காசநோய் போன்ற சில நோய்களை வைத்தியர்கள் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தே ஆக வேண்டும். 1897ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடப்பது அது. அங்கிருந்து பொது சுகாதாரப் பரிசோதகருக்கு, அதாவது பிஎச்ஐக்கு, தகவல் போகும், அவர் நுளம்பு பெருகும் இடம் தேடி வருவார். ஆஸ்பத்திரியின் வேலை அது, எங்களுக்குத் தொடர்பில்லை. நோயின் பெயரைத் தெருவில் சத்தமாகச் சொல்லாமல் உள்ளே வந்து கதைக்கும்படி அவரிடம் நீங்கள் கேட்கலாம்.

சாகணும் போல இருக்குன்னு சொன்னா பொலிசுக்குச் சொல்லிடுவீங்களா?

இந்தப் பயத்தில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது முன்னர் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1998இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. பழைய கதை மட்டும் இன்னும் ஊரில் நடமாடுகிறது. ஆகவே பயப்படாமல் சொல்லுங்கள். சொன்னதற்காக உங்களைப் பொலிசில் ஒப்படைக்க மாட்டோம்.

ஆனால் முதல் கேள்வியில் சொன்ன மூன்றில் இது ஒன்று. இன்றிரவே உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உங்களைத் தனியே அனுப்ப மாட்டோம். யாரைக் கூப்பிடலாம் என்று முதலில் உங்களிடமே கேட்போம், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவோம். சொல்வது உயிரைக் காக்கத் தேவையான அளவு மட்டும், கதை முழுவதும் இல்லை. எங்கள் அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வீட்டில அடி விழுது. டொக்டர்கிட்ட சொன்னா கேஸ் ஆகிடுமா? பிள்ளைக்கும் அடிக்கிறார்னா?

அடி வாங்குபவர் வயது வந்தவர் என்றால், முறைப்பாடு செய்வதா இல்லையா என்பது எங்கள் பக்கத்தில் உங்கள் முடிவு. நாங்கள் வழியைச் சொல்வோம்: 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஆஸ்பத்திரியில் காயத்தின் காரணத்தைச் சொன்னால் அங்கிருக்கும் பொலிஸ் காவலரணுக்குத் தகவல் போகவும், சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பரிசோதிக்கவும் இடமுண்டு. அந்தப் பதிவு பின்னர் உங்களுக்கே சாட்சியாக உதவும். "படியில விழுந்தேன்" என்று எழுதப்பட்டுவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

பிள்ளை என்றால் பதில் வேறு. துன்புறுத்தல் நடக்கிறது என்று தெரிந்து நாங்கள் பேசாமல் இருக்க மாட்டோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு, அதாவது 1929க்கு, அறிவிப்போம். அறிவிக்கப் போகிறோம் என்று உங்களுக்கு முதலில் சொல்வோம். சொன்னால் பிள்ளைக்கே ஆபத்து என்றால் மட்டும் சொல்லாமல் செய்வோம்.

பொலிஸ் வந்து பைலைக் கேட்டா?

"எழுத்தில் தாருங்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்று குறிப்பிடுங்கள்" என்போம். சீருடையைக் கண்டதும் கோவையை எடுத்து நீட்டுவதில்லை. நீதிமன்றம் கட்டளையிட்டால் கொடுக்கத்தான் வேண்டும். சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் தருகிற தனிப் பாதுகாப்பு, வைத்தியரிடமோ எங்களிடமோ சொன்னதற்கு அதே போல் இல்லை. பலருக்கு இது அதிர்ச்சி. எனக்கும் பிடித்த விஷயம் இல்லை.

அதனால்தான் கோவையில் எழுதுவதைக் குறைத்துக்கொள்கிறோம். "கணவர் குடிகாரர் என்று தெரிகிறது" போன்ற ஊகங்கள் அதில் இருக்கக் கூடாது. கண்டது, கேட்டது, செய்தது மட்டும். கட்டளை வந்தாலும் கேட்ட பக்கங்கள்தான் போகும், முழுக் கோவை இல்லை.

தகவல் அறியும் சட்டம் இருக்குதே. யாரும் மனுப் போட்டு என்ட மெடிக்கல் விவரத்தை எடுக்கலாமா?

முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அரச அலுவலகங்களுக்குப் பொருந்தும், அரசாங்கத்தின் அல்லது வெளிநாட்டு நிதியில் பெருமளவு தங்கி மக்களுக்குச் சேவை செய்யும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆனால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு ஒருவரின் மருத்துவப் பதிவுகளை, அவர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, விலக்கி வைத்திருக்கிறது. எத்தனை பேருக்கு உதவினோம், எவ்வளவு செலவழித்தோம் என்று யாரும் கேட்கலாம், சொல்வோம். யாருக்கு என்பது வேறு கதை.

டோனருக்கு (காசு தாற நிறுவனத்துக்கு) அறிக்கை அனுப்பும்போது பேரை எடுத்திட்டா போதும்தானே?

போதாது. அடையாள அட்டை இலக்கத்தையே பாருங்கள். புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதில் 500 கூட்டியிருக்கும். பெயர் இல்லாமலே பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் வந்துவிட்டது. அதோடு "மட்டக்குளி, இரட்டைப் பிள்ளைகளின் தாய், சிறுநீரக நோயாளி" என்று எழுதினால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். ஆகவே அறிக்கையில் வயதைப் பத்து வயது இடைவெளியில் போடுவோம், இடத்துக்குக் "கொழும்பு மாவட்டம்" என்று மட்டும்.

படம் வேறு. முகத்தைப் படமெடுக்க விடாவிட்டால் உதவி இல்லை என்று எவரும் சொன்னால் அது பிழை. எங்கள் படிவத்தில் உதவிக்கு ஒரு கையெழுத்து, படத்துக்கு ஒரு கையெழுத்து. இரண்டாவதை வைக்காதவர்களே அதிகம், ஒருவருக்கும் உதவி நின்றதில்லை.

ஒப்பரேஷனுக்குக் காசு சேர்க்க முகநூலில் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டயக்னோசிஸ் கார்ட், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரே படமாகப் போடுகிறீர்கள். காசு சேரலாம். ஆனால் அந்தப் படத்தை எடுத்து வேறு வங்கி இலக்கத்தோடு போடுபவர்களும் இருக்கிறார்கள். வருத்தம் சுகமான பிறகும் அந்தப் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைக்கு 18 வயதாகும்போதும் கூட. கார்டில் உள்ள இலக்கங்களையும் மற்ற நோய்களையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். பிள்ளையின் முகம் கட்டாயமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள்.

இதுக்கெல்லாம் சட்டம் இருக்குதா, இல்ல உங்கட நல்ல மனசா?

இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைக் கூடுதல் கவனம் வேண்டிய விசேட வகையில் சேர்த்திருக்கிறது. மீறுபவருக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அதில் இடம் வைக்கப்பட்டது. ஆனால் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டியிருந்து ஒத்திவைக்கப்பட்டன, அதே ஆண்டில் சட்டம் திருத்தவும்பட்டது. அரசாங்கம் ஆயத்தமாகும் வரை நாங்களும் காத்திருக்கலாம் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். அலுமாரிக்குப் பூட்டுப் போட வர்த்தமானி வேண்டுமா என்று கேட்டோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என்ட பைலை நானே பார்க்கலாமா? வேணாம்னா அழிச்சிடுவீங்களா?

பார்க்கலாம். ஒரு நாள் முன்னர் சொன்னால் எடுத்து வைப்போம், பக்கத்தில் இருந்து வாசித்தும் காட்டுவோம். பிழையாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம். அதில் உங்களைப் பற்றி வேறொருவர் இரகசியமாகச் சொன்ன பகுதி இருந்தால் அதை மட்டும் மறைத்துக் காட்டுவோம். அழிப்பது கொஞ்சம் சிக்கல்: கணக்காய்வுக்காகக் கொடுப்பனவுப் பதிவுகளைச் சில காலம் வைத்திருக்க வேண்டும். மருத்துவ விவரங்களை அதற்கு முன்பே பிரித்து, இயந்திரத்தில் துண்டு துண்டாக வெட்டிவிடலாம். முழுத் தாளாகப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதில்லை. வடை சுற்றி வரும் தாளில் யாருடைய இரத்தப் பரிசோதனையோ இருப்பதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, இவ்வளவு செஞ்சும் வெளிய போயிட்டா?

எங்களுக்குத் தெரிந்த அன்றே உங்களுக்குச் சொல்வோம்: என்ன போனது, யாரிடம் போனது, என்ன செய்கிறோம். மூடி மறைப்பதைவிட அதைக் கேட்டு நீங்கள் ஏசுவது மேல். உங்களுக்கே முதலில் தெரிய வந்தால், யாரிடமிருந்து கேள்விப்பட்டீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் நேரே வாருங்கள். கோவையை எடுத்தவர்களின் கையெழுத்துப் புத்தகம் இருப்பதால் தேடிப் பார்க்க வழியுண்டு. வேண்டுமென்றே சொன்னவருக்கு எங்களிடம் வேலை இருக்காது.

உங்கட ஒபிஸ்ல வேலை செய்ற பிள்ளை எங்கட மாமியின்ட சொந்தம். அப்ப என்ன செய்றது?

கொழும்புத் தமிழர்களுக்குள் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். வாசலில் இருப்பவரிடம் "வேற ஆளைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டார்கள். உங்கள் கோவை அந்தப் பிள்ளையின் கைக்குப் போகாதபடி பதிவில் குறிப்போம், கணினியிலும் அவருக்கு அது திறக்காது. அந்தப் பிள்ளையும் உங்களைக் கண்டால் தானாகவே விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. எங்கள் இடத்துக்கு வரவே சங்கடம் என்றால், வேறு பகுதியில் உள்ள ஒரு நிலையத்துக்குக் கடிதம் தருவோம். அந்தக் கடிதத்தில் ஏன் மாறுகிறீர்கள் என்று எழுத மாட்டோம்.